புரட்சித் துண்டறிக்கைகளை யார் படித்தார்கள்? காலனிய இந்தியாவில் ஒரு தாள் தேடிய வாசகர்கள்

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 6 பேர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர். அதே ஆண்டில்தான் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்குக்காகத் திருநெல்வேலிச் சீமையில் வீடு வீடாகச் சோதனை போட்ட போலீஸ், தமிழில் அச்சான இரண்டு ரகசியத் துண்டறிக்கைகளைக் கைப்பற்றியது. படிக்கத் தெரிந்தவர்கள் இவ்வளவு குறைவாக இருந்த ஊரில், பிடிபட்டால் சிறை என்று தெரிந்தும், யார் படிப்பார்கள் என்று நம்பி இவற்றை அச்சடித்தார்கள்?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் இரண்டு விதமான பதில்கள் சுற்றுகின்றன. இத்தகைய தாள்களின் தலைப்பில் "தேச மக்களே" என்பதுபோல் பொதுவான விளி இருந்தால் அது எல்லா மக்களுக்கும் எழுதப்பட்டது என்பது ஒன்று. படிப்பறிவே இல்லாத நாட்டில் இதெல்லாம் ஒரு சிறு கூட்டம் தனக்குத்தானே எழுதிக்கொண்டது என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. தலைப்பில் கூப்பிடப்பட்டவரும் உண்மையில் படித்தவரும் அநேகமாக ஒரே ஆளாக இருந்ததில்லை. தாள் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று எழுதியவர் போட்ட கணக்கு, தலைப்பைவிட உள்ளேதான் அதிகம் தெரியும்.

முதலில் சில அடிப்படைகள்

புரட்சிப் பிரசுரம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. ஒரு தலைவர் தன் பெயரைப் போட்டு, சுவரிலோ கோயில் வாசலிலோ ஒட்டச் செய்வது பிரகடனம். ஒன்றிரண்டு பக்கத்தில் அச்சடித்து, பெயர் போடாமல், காசு வாங்காமல் கைமாற்றுவது துண்டறிக்கை. தைத்த சிறு புத்தகமாக வருவது குறுநூல். வாரம் அல்லது மாதம் ஒருமுறை வெளிவருவது இதழ். வகைக்கு வகை வாசகர் மாறுவார். பிரகடனத்தை யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். துண்டறிக்கையோ ஏற்கெனவே ஓரளவு நம்பிக்கைக்கு உரியவர் கைக்கே போகும்.

இதில் சட்டத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அச்சாகும் எதிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1870இல் தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்ற ராஜதுரோகப் பிரிவு சேர்க்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கேட்க வழி செய்தது. ஆகவே பெயரில்லாத தாள் என்றாலே அது சட்டத்தை மீறிய தாள். எழுதியவர், எழுத்துக் கோத்தவர், சுமந்து போனவர், வாங்கி வைத்திருந்தவர் எல்லோருக்கும் ஆபத்து இருந்தது. 'யாருக்கு எழுதுவது' என்று யோசித்தவர் 'யாரை நம்புவது' என்றும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது.

ஒரு தாளுக்கு மூன்று வகை வாசகர்கள்

1. விளிக்கப்படுபவர். தலைப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுபவர். சில சமயம் உண்மையான வாசகர், சில சமயம் வெறும் சாக்கு.

2. கேட்பவர். அவருக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. வேறொருவர் படிக்க, அல்லது பாட, காதால் வாங்கிக்கொள்பவர். எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம்.

3. எட்டிப் பார்ப்பவர். போலீஸ், கலெக்டர், அரசின் மொழிபெயர்ப்பாளர், பத்திரிகையாளர், கடைசியில் நீதிபதி. இவர்கள் படிப்பார்கள் என்று எழுதியவருக்கு நன்றாகவே தெரியும். சில தாள்கள் முதன்மையாக இவர்களுக்காகவே எழுதப்பட்டன.

மூன்றில் எது முன்னால் நிற்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறியது. அதைப் பார்க்க 1801இல் தொடங்குவது நல்லது.

ஸ்ரீரங்கத்துச் சுவரில் ஒட்டிய தாள்

1801 ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் இருந்த நவாப் அரண்மனையிலும் ஸ்ரீரங்கம் கோயிலிலும் சின்ன மருதுவின் பிரகடனம் ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். ஆங்கிலேய அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த பிரதி வழியாகவே அதன் வாசகம் பரவலாகத் தெரியவந்தது. வாசகர் யார் என்ற கேள்விக்கு இவ்வளவு வெளிப்படையாகப் பதில் சொல்லும் ஆவணம் வேறொன்று கிடைப்பது அபூர்வம் என்பதால், இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இதைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் கவனமாகப் படிக்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. அப்புறம் ஜம்புத்தீவில் வாழும் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று வரிசையாகக் கூப்பிடுகிறது. இது பொதுவான அழைப்பு. பாதி வழியில் அழைப்பு குறுகுகிறது. மீசை வைத்தவர்கள் எல்லோரும், அதிலும் வெள்ளையரிடம் வேலை பார்க்கும் சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய்கள் என்று பதவி பதவியாகப் பெயர் சொல்கிறது. எழுதியவர் மனதில் இருந்த முக்கியமான ஆள் இங்கே தெரிந்துவிடுகிறார். ஊர் மக்கள் கொதிப்பது ஒரு பக்கம் இருந்தாலும், கம்பெனிப் படையில் துப்பாக்கி பிடித்திருக்கும் நம்மூர்க்காரன் பக்கம் மாறினால்தான் போரின் போக்கு மாறும். அப்படி மாற மறுப்பவனுக்கு, அவன் மீசையையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் சொல்லி வரும் சாபம் கடுமையானது. ஆண்மைக்கு இழுக்கு என்ற அந்தப் பேச்சு படைவீரனைக் குத்துவதற்கென்றே வைக்கப்பட்டது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தாளைப் பரப்பச் சொல்லும் பகுதி. படித்தவரும் படிக்கக் கேட்டவரும் இதை எழுதி நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் அவர்களுடைய நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம். முசல்மானாக இருந்தால் பன்றியின் இரத்தத்தைக் குடித்ததற்குச் சமம். சுவரிலிருந்து தாளைக் கிழிப்பவருக்குப் பஞ்சமா பாதகம். அச்சகம் கையில் இல்லாத ஒரு தலைவர், வாசகரையே பிரதி எடுப்பவராக மாற்றுகிறார். 'படித்தவர்' என்பதோடு 'கேட்டவர்' என்றும் சேர்த்தே எழுதியிருப்பதால், எழுத்துத் தெரியாதவரும் கணக்கில் இருந்தார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒட்டிய இடங்களும் யோசித்துத் தேர்ந்தவை. நவாபின் அரண்மனைக்கு வருபவர்கள் ஒரு வகை, ஸ்ரீரங்கத்துக்கு வருபவர்கள் இன்னொரு வகை. கோயிலுக்கு நாலா திசையிலிருந்தும் வரும் யாத்ரீகர் செய்தியைத் தன் ஊருக்குக் கொண்டுபோவார். கடைசியில் ஸ்ரீரங்கத்து அர்ச்சகர்களையும் பெரியவர்களையும் தனியே விளித்து, அவர்கள் காலில் விழுந்து ஆசி கேட்கிறார் மருது. அந்தச் சுவரின் அருகே நிற்பவர் யார் என்று தெரிந்து எழுதிய வரிகள் அவை.

தொழில் வாரியாக ஒரு பட்டியல்

1857 ஆகஸ்ட் 25 தேதியிட்ட ஆசம்கர் பிரகடனம் முகலாய அரச குடும்பத்தின் பெயரில் வெளிவந்தது. அது மக்களை ஜமீன்தார், வணிகர், அரசு ஊழியர், கைவினைஞர், பண்டிதரும் பக்கீர்களும் என்று ஐந்து பிரிவாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் குறையைச் சொல்கிறது. ஜமீன்தாருக்கு வரிச்சுமையும் நில ஏலமும். வணிகருக்கு அவுரி, துணி முதலான லாபமுள்ள வியாபாரத்தை வெள்ளையர் பிடித்துக்கொண்டது. ஊழியருக்குக் குறைந்த சம்பளமும் தடைப்பட்ட பதவி உயர்வும். நெசவாளிக்கும் கொல்லனுக்கும் இங்கிலாந்துச் சரக்கு வந்து தொழில் போனது.

அவரவர் பையைத் தொட்டுப் பேசும் இந்த முறை இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் மறைந்துபோனது. பின்னால் வந்த ரகசியத் தாள்கள் தியாகத்தையும் தாய்நாட்டையும் பற்றிப் பேசின, சம்பளத்தையும் வரியையும் பற்றிக் குறைவாகவே பேசின. எழுதியவர் மாறியதும் வாசகர் மாறியதும் அதற்குக் காரணம்.

கண்ணுக்கு முன் காது

அமெரிக்கக் காலனிகளை வைத்து இந்தியாவைப் புரிந்துகொள்ளப் பார்ப்பது வழக்கமாக நடக்கும் பிழை. 1776 ஜனவரியில் பிலடெல்பியாவில் தாமஸ் பெய்ன் பெயர் போடாமல் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' 47 பக்கக் குறுநூல். இரண்டு ஷில்லிங் விலை வைத்துக் கடையில் விற்றார்கள். அமெரிக்காவின் குடியிருப்பாளர்களுக்கு என்று முகப்பிலேயே போட்டிருந்தது. அங்கேயும் விடுதிகளில் சத்தமாகப் படித்துக் கேட்டது உண்டு. ஆனாலும் குடியேறியவர்களிடையே படிப்பறிவு பரவியிருந்ததால், வாங்கிப் படிக்கும் வாசகரை நம்பி எழுத முடிந்தது. லத்தீன் மேற்கோள்களை விட்டுவிட்டு எல்லோருக்கும் தெரிந்த பைபிளிலிருந்து பெய்ன் வாதாடியது அந்த வாசகருக்காகத்தான்.

இங்கே நிலைமை வேறு. ராமாயணமும் பாரதமும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டுப் பழகிய ஊர்களில், பத்திரிகையும் அப்படியே திண்ணையிலும் கடைத்தெருவிலும் படிக்கப்பட்டது. ஆகவே காதில் நிற்கும் நடை வேண்டும். பாட்டு என்றால் இன்னும் வசதி.

1907இல் நடந்ததைப் பாருங்கள். சென்னையில் மிதவாதியான வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியின் தேசப் பாடல்களைக் கேட்டு மனம் நெகிழ்ந்து, அவற்றில் சிலவற்றைத் தன் செலவில் 15,000 பிரதிகள் அச்சடித்து இலவசமாக விநியோகித்தார். பள்ளிக்கூடங்கள் வரை அவை போயின. ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் தெருவே கேட்கும். அப்புறம் தாள் கிழிந்தாலும் நஷ்டமில்லை.

கற்றவர் வட்டத்துக்கு வெளியே இதைவிடப் பெரிய ஓட்டம் ஒன்று இருந்தது. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் மட்டமான காகிதத்தில், சில பக்கங்களில், பெரிய எழுத்தில் அச்சான பாட்டுப் புத்தகங்கள் விற்றன. விற்பவரே பாடிக்காட்டி விற்பார். கொலை வழக்கு, ரயில் விபத்து, வெள்ளம் என்று எது நடந்தாலும் குஜிலியில் பாட்டு வந்துவிடும். 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட பின் அவரைப் பற்றிய பாட்டுகளும் அப்படித்தான் வந்தன. லாகூர்ப் புரட்சியாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கைகள் ஒருபோதும் தொட்டிருக்க முடியாத காதுகளை இந்தப் பாட்டுகள் தொட்டன. துண்டறிக்கை வரலாற்றை எழுதுபவர்கள் குஜிலியை ஓரத்தில் தள்ளிவிடுவது எனக்கு ஏற்புடையதில்லை. வாசகர் யார் என்று கேட்டால் முதலில் போக வேண்டிய இடமே அதுதான்.

சிப்பாய் என்ற நிரந்தர இலக்கு

1801இல் கண்ட அதே படைவீரனை 1913இல் மறுபடி சந்திக்கிறோம், இந்த முறை பசிபிக் கடற்கரையில். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புலம்பெயர்ந்த இந்தியப் புரட்சியாளர்கள் நடத்திய 'கதர்' (கலகம் என்று பொருள்) பத்திரிகையின் முதல் இதழ் 1913 நவம்பர் 1 அன்று உருதுவில் வந்தது. சில வாரத்தில் குர்முகி எழுத்தில் பஞ்சாபிப் பதிப்பும் வந்தது. லாலா ஹர்தயாள் போன்ற படித்தவர்கள் எழுதினாலும், படித்தவர்களும் கேட்டவர்களும் மரம் அறுக்கும் ஆலைகளிலும் பண்ணைகளிலும் உழைத்த பஞ்சாபிகள். அவர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள்.

அந்த வாசகருக்கு ஏற்ப இதழ் எப்படி வார்க்கப்பட்டது என்பதற்கு இரண்டு அடையாளங்கள்:

1. ஆங்கிலேய ஆட்சியின் தீமைகளை எண்ணிட்டுப் பட்டியலாகத் தொடர்ந்து வெளியிட்டார்கள். ஒருமுறை கேட்டவர் மறுநாள் ஆலையில் விரல் விட்டு எண்ணிச் சொல்லலாம்.

2. புகழ்பெற்ற அந்த அறிவிப்பு: வீரர்கள் தேவை, சம்பளம் மரணம், பரிசு தியாகி என்ற பெயர், ஓய்வூதியம் விடுதலை, களம் இந்தியா. சம்பளம், ஓய்வூதியம் என்பவை படையில் சேரும்போதே ஒருவன் கேட்டுப் பழகிய சொற்கள். ராணுவத்தின் ஆள்சேர்ப்பு அறிவிப்பை அப்படியே தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். கல்லூரி மாணவனுக்கு இது நல்ல வாசகம், அவ்வளவுதான். ஓய்வூதியத்துக்காகக் காத்திருந்த சிப்பாய்க்கு இது நெஞ்சில் பட்டிருக்கும்.

ஹாங்காங், ஷாங்காய், சிங்கப்பூர் என்று இந்தியப் படைவீரர்களும் போலீஸ்காரர்களும் இருந்த துறைமுகங்களுக்கெல்லாம் இதழ் தபாலில் போனது. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5ஆவது லைட் இன்ஃபன்ட்ரி கலகம் செய்ததற்குப் பல காரணங்கள் உண்டு, கதர் பிரச்சாரமும் அவற்றில் ஒன்று.

வங்கத்தில் வேறு வழி. 'யுகாந்தர்' என்ற புரட்சிப் பத்திரிகையின் கட்டுரைகளைத் தொகுத்து வந்த 'முக்தி கோன் பதே' என்ற நூல், வயிற்றுப்பாட்டுக்காகப் படையில் இருந்தாலும் சிப்பாய்களும் இரத்தமும் சதையும் உள்ள மனிதர்களே, எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்று சொன்னது. இது சிப்பாயிடம் நேராகப் பேசவில்லை. சிப்பாயிடம் போய்ப் பேச வேண்டிய இளைஞனிடம் பேசியது.

இளைஞனின் கையில் ஒரு சத்தியம்

1905க்குப் பிறகு வந்த ரகசியத் தாள்களின் நேரடி வாசகர் மாணவரும் படித்த இளைஞரும்தான். இதை ஊகமாகச் சொல்லவில்லை. புரட்சி இயக்கங்களை ஆராய அரசு அமைத்த ரவுலட் குழுவின் 1918ஆம் ஆண்டு அறிக்கை, 1907 முதல் 1917 வரை வங்கத்தில் புரட்சிக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் அல்லது கொல்லப்பட்டவர்கள் 186 பேரின் விவரத்தைப் பட்டியலிட்டது. அவர்களில் 124 பேர் 16 முதல் 25 வயதுக்குள். 68 பேர் மாணவர்கள். சாதிவாரியாகக் காயஸ்தர் 87, பிராமணர் 65. ஆட்சியாளர்கள் தயாரித்த பட்டியல் என்றாலும், அந்தத் தாள்கள் யாரை அசைத்தன என்பதற்கு இதைவிட நெருக்கமான கணக்கு நம்மிடம் இல்லை.

இனி திருநெல்வேலித் தாள்களுக்கு வருவோம். ஒன்றின் பெயர் 'ஆரியர்களுக்கு ஓர் ஆப்த வாக்கியம்'. மற்றொன்று 'அபிநவ பாரத சமாஜத்தில் சேர்ந்துகொள்வதற்கு பிரமாணம்', அதாவது அந்த ரகசியப் புரட்சிச் சங்கத்தில் சேருபவர் எடுக்க வேண்டிய உறுதிமொழி. பரங்கியரை அழிப்பது என்று பொருள்படும் கற்பனைப் பெயரில் ஓர் அச்சகம் இவற்றில் குறிக்கப்பட்டிருந்தது.

முதல் தாள், நாட்டைப் பிடித்த பாவத்தை நீக்கிச் சுயராஜ்யம் நிறுவுவேன் என்று கடவுள் முன்னிலையில் சத்தியம் செய்யச் சொல்கிறது. அப்புறம் ஆயுதங்களின் வரிசை வருகிறது: கத்தி, தடி, கல், அதுவும் இல்லாவிட்டால் கடவுள் கொடுத்த கை. இந்த வரிசையைக் கவனியுங்கள். மருதுவின் பிரகடனம் ஆயுதம் ஏந்தத் தெரிந்தவனைக் கூப்பிட்டது. இதுவோ கையில் எதுவுமே இல்லாதவனை நினைத்து எழுதப்பட்டது. துப்பாக்கி பிடித்திராத குமாஸ்தா, மாணவன், சிறு அரசு ஊழியன். ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனே வனத்துறையில் வேலை பார்த்தவர்.

இரண்டாவது தாள் பிரமாணம். பிரமாணத்தை ஆயிரக்கணக்கானவர்களுக்கு விநியோகிக்க முடியாது. அது ஏற்கெனவே பாதி சம்மதித்துவிட்ட ஒருவரை முழுசாக உள்ளே இழுப்பதற்கு. முதல் தாள் வாசலில் நிற்பவனுக்கு, இரண்டாவது தாள் படியேறியவனுக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகக் கிடைத்ததன் பொருள் விளங்கும்.

எதிரியிடம் பேசுவதுபோல் ஊரிடம் பேசுவது

வட இந்தியப் புரட்சி அமைப்பான இந்துஸ்தான் குடியரசுச் சங்கமும் அதன் வாரிசான, பகத்சிங் இருந்த இந்துஸ்தான் சோசலிசக் குடியரசுச் சங்கமும் 1925 முதல் வெளியிட்ட தாள்களில்தான் மூன்றாவது வாசகர், அதாவது எட்டிப் பார்ப்பவர், முன்னுக்கு வருகிறார்.

சச்சீந்திரநாத் சான்யால் எழுதிய 'தி ரெவல்யூஷனரி' நான்கு பக்க ஆங்கில அறிக்கை. 1925 ஜனவரியில் வட இந்தியாவின் பல நகரங்களில் ஒரே சமயத்தில் தலைகாட்டியது. 'விஜய்குமார்' என்ற புனைபெயர் கையெழுத்து. உள்ளடக்கம் இளைஞர்களுக்கு என்றாலும், பல ஊர்களில் ஒன்றாக முளைத்ததே ஒரு செய்தி: எங்கள் வலை நாடு முழுக்க இருக்கிறது. அந்தச் செய்தி போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும்.

1928 டிசம்பரில் ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் கொல்லப்பட்ட பிறகு லாகூர்ச் சுவர்களில் ஒட்டப்பட்ட தாள் அதிகார வர்க்கத்தை எச்சரிப்பதாகத் தொடங்கும். ஒரு மனிதன் இறந்ததற்கு வருந்துகிறோம் என்றும் அதே தாள் சொல்கிறது. அதிகாரியை மிரட்டுவது மட்டும் நோக்கமானால் வருத்தம் சொல்லத் தேவையே இல்லை. போலீஸ் தடியடிக்குப் பின் இறந்த லாலா லஜபதி ராய்க்காகத் துக்கத்தில் இருந்த, ஆனால் கொலையை ஏற்கத் தயங்கிய லாகூர் மக்களுக்கான வரி அது.

1929 ஏப்ரல் 8 அன்று மத்தியச் சட்டமன்றத்தில் பகத்சிங்கும் படுகேஸ்வர் தத்தும் வீசிய தாள்கள் இந்த உத்தியின் உச்சம். செவிடர்களுக்குக் கேட்க வேண்டுமானால் குரல் ஓங்கி ஒலிக்க வேண்டும் என்று அது தொடங்கியது. செவிடர் என்றது அரசை. ஆனால் உள்ளே இந்திய உறுப்பினர்களைப் பார்த்து, தொகுதிகளுக்குத் திரும்பிப் போய் மக்களைத் தயார்ப்படுத்துங்கள் என்கிறது. அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் சில நூறு பேர்தான். மறுநாள் பத்திரிகை படித்தவர்கள் எத்தனையோ மடங்கு. பிடிபட்ட பிறகு 1929 ஜூனில் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட அறிக்கையும் இதே வழியில் நாடெங்கும் போனது. சொந்த அச்சகம் செய்ய முடியாததை எதிரியின் நீதிமன்றமும் ஊர்ப் பத்திரிகைகளும் செய்துகொடுத்தன.

பகவதி சரண் வோரா எழுதி 1930 ஜனவரி 26 அன்று விநியோகிக்கப்பட்ட 'வெடிகுண்டின் தத்துவம்', காந்தியின் 'யங் இந்தியா' கட்டுரைக்குப் பதில். வைசிராயின் ரயிலுக்குக் குண்டு வைத்ததைக் கண்டித்த தீர்மானம் லாகூர் காங்கிரசில் குறுகிய வித்தியாசத்தில்தான் நிறைவேறியிருந்தது. அங்கே எதிர்த்து வாக்களித்தவர்களையும் ஊசலாடிய காங்கிரஸ்காரர்களையும் பிடிக்கத்தான் இந்த எழுத்து. விளிக்கப்பட்டவர் காந்தி என்றாலும், காந்தி மனம் மாறுவார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கூப்பிடப்படாதவர்கள்

யாருக்கு எழுதினார்கள் என்று கேட்கும்போது யாரை விட்டார்கள் என்றும் கேட்டாக வேண்டும். மீசை வைத்தவர்களை அழைத்த 1801 பிரகடனத்தில் பெண்கள் வாசகர்களாக இல்லை, ஆணின் மானத்தைச் சீண்டும் சாபத்தில்தான் வருகிறார்கள். 1911இன் தாள் 'ஆரியர்களுக்கு' என்று தலைப்பிட்டது. வாஞ்சிநாதன் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் சனாதன தர்மம் மிதிபடுவதாகக் கொதித்தது. அந்தத் தர்மத்தின்படி ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தவருக்கு அந்தக் கடிதத்தில் இடமே கிடையாது. இதைச் சொல்வது அந்த இளைஞர்களின் தியாகத்தைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. அவர்கள் 'நாம்' என்று எழுதியபோது அதற்குள் யார் யார் இருந்தார்கள் என்பது வரலாற்றுக்கு வேண்டிய தகவல்.

அந்தக் காலத்திலேயே இதைச் சுட்டியவர்கள் உண்டு. 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சுதேசி அரசியலைத் தொடர்ந்து விமர்சித்தார். விலையையே பெயரில் வைத்ததால், யார் வாங்கிப் படிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததும் தெரிகிறது. பாரதி 1910இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்ட 'ஆறில் ஒரு பங்கு' கதையை, உழுது நமக்கெல்லாம் சோறு போடும் பள்ளர், பறையர் முதலான சகோதரர்களுக்குச் சமர்ப்பித்தார். அந்தச் சமர்ப்பணத்தை அவர்களில் மிகச் சிலரே அன்று படித்திருக்க முடியும். ஆனால் மேல்சாதி வாசகரின் கண்ணில் அது பட்டே தீரும். அடுத்த ஆண்டு சென்னை அரசு அந்த நூலைத் தடை செய்தது.

பெண்களை நேராக அழைத்த குரல் 1932இல் சிட்டகாங்கில் கேட்டது. பஹாட்தலி ஐரோப்பியர் கிளப் தாக்குதலில் இறந்த பிரீத்திலதா வத்தேதார் விட்டுச் சென்ற அறிக்கை, சகோதரிகள் தங்களை இனியும் பலவீனர் என்று நினைக்க வேண்டாம், போராட வாருங்கள் என்று கேட்டது. மீசையிலிருந்து அங்கே வந்து சேர 131 ஆண்டுகள் ஆயின.

வாசகரைப் பொறுத்தே குற்றம்

அரசும் இதே கேள்வியைக் கேட்டது. 1878இல் வைசிராய் லிட்டன் கொண்டுவந்த சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் கட்டுப்படுத்தியது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அது பொருந்தாது. அதே கருத்தை ஆங்கிலத்தில் எழுதினால் விமர்சனம், வங்காளியில் எழுதினால் ஆபத்து. 'அம்ரித பஜார் பத்ரிகா' சட்டென்று ஆங்கிலப் பத்திரிகையாக மாறித் தப்பித்ததை அனைவரும் அறிவர். ஆட்சியாளர்களின் அச்சம் கருத்தின் மேல் இருந்ததைவிட, அதைக் கேட்கப்போகும் கூட்டத்தின் மேல்தான் அதிகம் இருந்தது. இதன் விளைவுகள் சில:

1. மொழிபெயர்ப்பே வழக்கின் அச்சாணி ஆனது. 1908இல் திலகர் மராத்தியில் எழுதியதற்காக விசாரிக்கப்பட்டார். ஜூரிகள் ஒன்பது பேரில் ஏழு பேர் ஐரோப்பியர்கள். மராத்தி வாசகரின் மனதில் அந்தக் கட்டுரை என்ன செய்யும் என்பதை, மராத்தி தெரியாதவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத் தீர்மானித்தார்கள். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றவாளி என்றார்கள். ஆறு ஆண்டு பர்மாவின் மாண்டலே சிறை.

2. ஒரே பாட்டு இடம் மாறினால் குற்றமானது. ஒரு மிதவாதி 1907இல் தைரியமாக விநியோகித்த பாரதியின் தேச கீதங்களை 1928இல் பர்மா அரசு தடை செய்தது, தொடர்ந்து சென்னையிலும் பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். சட்டசபையில் சத்தியமூர்த்தி இதை எதிர்த்துப் பேசினார். கவிஞர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாடுபவர்கள்தான் பெருகியிருந்தார்கள்.

3. மொழிபெயர்த்தவரும் உள்ளே போனார். பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' 1931 செப்டம்பரில் லாகூரின் 'தி பீப்பிள்' ஆங்கில இதழில் வெளிவந்தது. ப. ஜீவானந்தம் அதைத் தமிழாக்கினார், குறுநூலாக வந்தது. 1935இல் ஜீவாவும் வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டார்கள்.

இன்று இவற்றைப் படிக்கும்போது

பழைய துண்டறிக்கை ஒன்று கண்ணில் பட்டால், தலைப்பை விட்டுவிட்டு உள்ளே தேட வேண்டியவை: வாசகரிடம் என்ன ஆயுதம் இருப்பதாகத் தாள் நினைக்கிறது, என்ன வேலை பார்ப்பவராக நினைக்கிறது, யார் பெயரால் சத்தியம் வாங்குகிறது, படித்த பிறகு தாளை என்ன செய்யச் சொல்கிறது. இதில் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நண்பருக்கு எழுதி அனுப்பு என்றால் பரவலான வாசகர். ரகசியமாக வைத்துக்கொள் என்றால் குறுகிய வட்டம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதி போலீஸ் பறிமுதல் செய்ததால்தான் பிழைத்தது. தடை செய்த பிரசுரங்களை அரசு தன் கோப்பில் சேர்த்தது, லண்டனுக்கும் அனுப்பியது. இன்று பிரிட்டிஷ் நூலகத்திலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருப்பவை அப்படி வந்தவை. போலீஸ் கண்ணில் படாமல் கைமாறி, படித்ததும் எரிக்கப்பட்ட தாள்களுக்குப் பதிவே கிடையாது. ஆகவே படித்த இளைஞர்களின் ஆங்கில அறிக்கைகள் நிறையக் கிடைப்பதை வைத்து, அவற்றுக்குத்தான் வாசகர்கள் அதிகம் என்று முடிவு கட்டிவிட முடியாது. குஜிலிப் புத்தகங்கள் போன்றவற்றைச் சேர்த்துவைத்த நூலகங்கள் குறைவு. அவற்றைப் பாடக் கேட்டவர்கள் தாங்கள் கேட்டதை எழுதி வைக்கவும் இல்லை.